பல்லவராயர் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலும் அதை ஒட்டிய புதுக்கோட்டைச் சீமையிலும் 'பல்லவராயர்' என்று பட்டம் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் திடீரென்று ஒருநாள் "நாம் யார் வழி?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, இல்லையென்றால் பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பும்போது. அப்படி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பல்லவராயர் என்பது குடும்பப் பெயரா, சாதிப் பெயரா?

இரண்டும் இல்லை. அது பட்டம். சோழர் காலத்தில் அரசு தன் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் கொடுத்த சிறப்புப் பெயர்களில் ஒன்று. பிற்காலத்தில் அது குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, அப்பனுக்குப் பின் மகன் என்று இறங்கியது. இன்றைக்குத் தஞ்சைக் கள்ளர் குடும்பங்களில் இந்தப் பட்டம் பரவலாகத் தெரிந்த ஒன்று. ஆனால் பழைய ஆவணங்களில் வேறு சமூகத்தாரும் இதைத் தாங்கியிருக்கிறார்கள். ஆகவே பட்டத்தை மட்டும் வைத்துச் சாதி சொல்ல முடியாது.

அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் இவைதான் நம் பக்கத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டி வந்தவை. உ.வே.சாமிநாதையர் பெயரில் 'உ' உத்தமதானபுரம், 'வே' தகப்பனார் வேங்கடசுப்பையர். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்குத் திருவாவடுதுறை முன்னால் நிற்கிறது. பட்டம் இவற்றுக்கெல்லாம் மேலே வைத்த தலைப்பாகை மாதிரி. இருந்தால் மரியாதை, இல்லாவிட்டாலும் ஆள் ஆள்தான்.

அப்படியானால் நாங்கள் காஞ்சிப் பல்லவ மன்னர்களின் வாரிசுகளா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பட்டம் அதற்குச் சாட்சி சொல்லாது.

சோழர்கள் பட்டம் கொடுத்த விதத்தைப் பார்த்தால் புரியும். பாண்டியனுக்குரிய பெயரையும், கலிங்கத்தின் பெயரையும், பல்லவனின் பெயரையும் எடுத்து, 'அரையன்', 'ராயன்' என்று சேர்த்துத் தங்கள் அதிகாரிகளுக்குச் சூட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் (கோயில் நிர்வாகம்) பார்த்தவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன். அவருக்குப் பட்டம் 'தென்னவன் மூவேந்தவேளான்'. தென்னவன் என்றால் பாண்டியன். ஆனால் அவர் பாண்டியர் குலம் என்று எவரும் சொல்வதில்லை. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்தில் சிதம்பரம் கோயிலுக்கு ஏராளமான திருப்பணி செய்த மணவில் கூத்தனுக்குக் 'காலிங்கராயன்' என்று பட்டம். அவர் ஊர் தொண்டை மண்டலத்து மணவில். கலிங்கத்துக்கும் அவர் பிறப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

நம் டெல்டாக்காரர் ஒருவரையே பார்ப்போம். முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரில் படை நடத்திய கருணாகரத் தொண்டைமான், திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்தவர். இன்றைய நாச்சியார்கோயில் பக்கம். 'வேளான் கருணாகரன்' என்பது அவர் பெயர், 'தொண்டைமான்' அரசு கொடுத்தது. காவிரித் தண்ணீரில் வளர்ந்த ஆளுக்குத் தொண்டை நாட்டின் பெயர்! பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கும் சோழன் 'உத்தமசோழப் பல்லவன்' என்று பட்டம் தந்ததாக மரபு. குன்றத்தூர் வேளாளரான அவரையும் பல்லவ ராஜவம்சம் என்று யாரும் எழுதவில்லை.

திருப்புறம்பியம் போருக்குப் பின் பல்லவர் ஆட்சி ஓய்ந்தது, 9ஆம் நூற்றாண்டின் கடைசியில். கல்வெட்டுகளில் பல்லவரையர்கள் (பல்லவராயர்கள்தான்) நெருக்கமாகத் தென்படும் சோழர் காலம் அதற்குப் பிந்தியது. வம்சம் போன பிறகு பெயர் பதவியாக வாழ்ந்திருக்கிறது.

பல்லவராயன்பேட்டை எங்கள் முன்னோர் கட்டிய ஊரா?

ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அந்தப் பட்டத்தோடு பெரும் அதிகாரத்தில் இருந்த ஒருவரை அங்குள்ள கல்வெட்டு விரிவாகப் பேசுகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அதைப் 'பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு' என்றே குறிப்பிடுகிறார்கள். சோழர் வரலாற்றில் முக்கியமான ஆவணம். டெல்டாவில் பலர் அது பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

கதை இது. இரண்டாம் இராசராச சோழன் இறந்தபோது பிள்ளைகளுக்கு "ஒன்றும் இரண்டும்" வயது. ராஜ்யத்தில் கலகம் வரும் என்ற பயம். திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி என்ற அதிகாரி, ஆயிரத்தளிப் படைவீட்டை விட்டு அந்தக் குழந்தைகளையும் அரண்மனைப் பெண்களையும் பத்திரமாகக் கூட்டிப்போனார். விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப்பெருமாளை இராசாதிராசன் என்ற பெயரில் அரியணை ஏற்றினார். பாண்டிய நாட்டில் வாரிசுச் சண்டை மூண்டு, இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் படை உள்ளே நுழைந்தபோது சோழப் படையை நடத்தியவரும் அவரே. இலங்கைத் தண்டநாயகர்களின் (படைத்தலைவர்களின்) தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் தைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சமோ வெற்றி தங்களுக்கே என்கிறது. இரண்டு பக்கமும் தன் பக்கத்தைத்தான் எழுதும். கடைசியில் அவர் நோய்ப்பட்டு இறந்தார். அவர் குடும்பத்தாருக்கு இறையிலி (வரியில்லா) நிலம் கொடுத்ததைப் பதியத்தான் இத்தனை வரலாறும் கல்லில் ஏறியது.

இந்தப் பெருமானம்பிப் பல்லவராயர் பிறந்த ஊர் டெல்டாவில் இல்லை. தொண்டை மண்டலத்துக் காரிகைக் குளத்தூர். அவருக்குப் பின் அதே மன்னனிடம், அதே பாண்டியப் போரைத் தொடர்ந்து நடத்தியவர் வேதவனமுடையான் அம்மையப்பன். ஊர் பழையனூர். அவருக்கும் பட்டம் பல்லவராயன்தான், 'அண்ணன் பல்லவராயன்' என்று. ஒரே மன்னன், ஒரே போர், ஒரே பட்டம், ஆட்கள் இருவர், ஊர் இரண்டு.

அந்தக் காலத்திலேயே பட்டம் ஒருவரோடு நின்றதில்லை. ஆகவே "நாங்கள் அந்தப் பெருமானம்பியின் நேர் வழி" என்று பத்திரிகையில் அச்சடிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

வேறு ஊரில் ஒரு பல்லவராயர் குடும்பம் இருக்கிறது. எங்களுக்குப் பங்காளியா?

வரலாற்றுக் கணக்கு ஒன்று, கல்யாணக் கணக்கு இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வருகிறது.

கல்யாணக் கணக்கில், ஒரே பட்டம் என்றால் பங்காளி முறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. வேறு பட்டத்தில்தான் மாமன் மச்சான். இதற்கு ரத்த உறவை நிரூபிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் "பட்டம் என்ன?" என்று கேட்டு, அதிலேயே பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆயிரம் குடும்பங்களுக்கு நடுவில் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்பதை ஒரே வார்த்தையில் சொல்ல வேறு வழி எது?

வரலாற்றுக் கணக்கில், ஒரே பட்டத்துக்காரர்கள் ஒரே தாத்தாவின் பிள்ளைகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே பார்த்த இருவர் போல, பட்டம் பல கைகளுக்குப் போயிருக்கிறது. உண்மையான பங்காளியைக் கண்டுபிடிக்கப் பட்டத்தோடு இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். பூர்வீக ஊர் எது, குலதெய்வம் எது? மூன்றும் பொருந்தினால் அநேகமாக ஒரே வயிற்று வழி. பட்டம் ஒன்று, குலதெய்வம் வேறு என்றால், சில வீடுகளில் பெரியவர்கள் பேசி சம்பந்தம் செய்வதும் உண்டு, ஒரேயடியாக மறுப்பதும் உண்டு. அது அந்தந்த ஊர் வழக்கம். வெளியாள் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்தப் பட்டம் எங்கெல்லாம் பரவியிருக்கிறது?

ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்த்தால் டெல்டாவைத் தாண்டிப் போகிறது. மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டை, தேனி மாவட்டத்துப் பல்லவராயன்பட்டி, கடல் தாண்டி ஈழத்தின் கிளிநொச்சிப் பகுதியில் பல்லவராயன்கட்டு. புதுக்கோட்டையில் தொண்டைமான்கள் வருவதற்கு முன் 17ஆம் நூற்றாண்டில் ஆண்டவர்களே பல்லவராயர்கள்தான். இவற்றை இணைத்து ஒரே குடும்பம் இங்கிருந்து அங்கே போயிற்று என்று கோடு போட்டுக் காட்டும் படங்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன. அழகாக இருக்கின்றன. அவ்வளவுதான்.

பெயரைத் தட்டினால் உலகத்தில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை காட்டும் தளங்களையும் நம்ப வேண்டாம். அவை ஆவணத்தில் கடைசியாக நிற்கும் பெயரை எண்ணுகின்றன. நம்மவர்களுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், பட்டம் இருக்காது. நூறு பல்லவராயர்கள் வாழும் தெருவில்கூட வாக்காளர் பட்டியலில் ஒரு பல்லவராயர் கிடைப்பது அரிது.

அதைவிட நல்ல கணக்கு நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. மொய் நோட்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் எழுத உட்கார்ந்தவர் முதலில் ஊரைக் கேட்பார், பிறகு பட்டம், அப்புறம்தான் பெயர். ஒரே ஊரில் நான்கு கோவிந்தசாமி இருந்தால் பட்டம் சொல்லாமல் எழுத முடியாது. நாளைக்கு யாருக்குத் திருப்பிச் செய்வது? பிள்ளையார் சுழி போட்டு, ஊர் வாரியாகப் பிரித்து எழுதிய அந்த நீள நோட்டில், எந்த ஊரில் எந்தப் பட்டத்தார் எத்தனை வீடு என்பது தானாகவே பதிவாகியிருக்கும். மொய் வரவு செலவுக்காக எழுதியது, இன்றைக்குப் பரவல் வரைபடம். கரையான் அரிப்பதற்குள் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கும்பகோணத்தில் 'ராயர்' என்றால் மாத்வ பிராமணர்தானே?

பேச்சில் அப்படித்தான். ராகவேந்திரர் சுதீந்திரரிடம் பாடம் கேட்ட மடம் கும்பகோணத்தில்தான், அங்கே 'ராயர்' என்றாலே அவர்தான். மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676 முதல் 1855 வரை) வந்து தங்கிய குடும்பங்களுக்கு 'ராவ்'. கும்பகோணத்தில் 1828இல் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றிலும் திவானாக இருந்த மாதவ ராவ் அந்த வழி. பல்லவராயர், மழவராயர், சேதுராயர் என்று முன்னால் ஒரு பெயரோடு வருவது வேறு சங்கதி.

பெண்களுக்குப் பட்டம் உண்டா?

பெயருக்குப் பின்னால் எழுதுவதில்லை. ஆனால் வாயில் உண்டு. "அது பல்லவராயர் வீட்டுப் பொண்ணு" என்று கல்யாணமாகி ஐம்பது வருடம் கழித்தும் சொல்வார்கள். புகுந்த வீட்டில் வேறு பட்டம். அவள் பிள்ளைகளுக்கு அப்பா பட்டம். தாய்மாமன் சீர் வரும்போது பிறந்த வீட்டுப் பட்டம் மறுபடி மேடைக்கு வரும். பத்திரத்திலோ 'இன்னார் மனைவி' என்று முடித்துவிடுவார்கள். தாய் வழியைத் தேடுகிறவர்கள் ஆவணத்தைவிட அத்தைகளையும் பெரியம்மாக்களையும் கேட்பது உத்தமம்.

தாத்தா வரைக்கும் பல்லவராயர் என்று எழுதினார்கள். அப்பா காலத்தில் ஏன் போயிற்று?

சுயமரியாதை இயக்கம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தஞ்சை ஜில்லாவில் அதற்கு நல்ல பிடிப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே இனிஷியலோடு நிறுத்தினார்கள். பெயரிலிருந்து போனது வழக்கத்திலிருந்து போகவில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் உபயக் கல் மூன்றிலும் இன்றும் முழுப் பட்டத்தோடு நிற்கிறார்கள்.

பட்டங்களைத் தொகுத்து வைத்தவர்களும் பட்டத்துக்காரர்களே. நடுக்காவேரியில் பிறந்த ந.மு.வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட 'கள்ளர் சரித்திர'த்தில் இப்படிப்பட்ட பட்டங்களை நீண்ட பட்டியலாகத் தந்திருக்கிறார். பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டை வைத்துப் பிற்காலச் சோழர் வரலாற்றை விளக்கியவர்களில் ஒருவர் திருப்புறம்பியத்துச் சதாசிவப் பண்டாரத்தார். 'நாட்டார்', 'பண்டாரத்தார்' இரண்டும் பட்டங்கள்தான்.

எங்கள் குடும்பத்துக்குப் பட்டமே கிடையாது. நாங்கள் பண்ணையாட்கள். எங்கள் முன்னோரை எப்படித் தேடுவது?

நியாயமான கேள்வி. பட்டக் கதை பேசுகிறவர்கள் இதை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள். நிலம் யாரிடம் இருந்ததோ அவர்கள் பெயரோடு 'ராயர்', 'ஆர்' எல்லாம் சேர்ந்தது. வயலில் இறங்கியவர்களுக்கு மரியாதை விகுதிகூட மறுக்கப்பட்டது. பண்ணைக் கணக்கில் வெறும் பெயரும் படியளந்த நெல்லும் மட்டும் இருக்கும். 1952இல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் பண்ணையாள் சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ள ஆளானார்.

தேட வழி இருக்கிறது. குலதெய்வக் கோயிலும் அதன் படையல் முறையும் முதல் தடம். கடல் கடந்து போன உறவுகள் இருந்தால், விசித்திரமாக, அவர்களுக்குத்தான் எழுத்துப் பதிவு அதிகம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பட்டத்துக்காரர்களுக்கே கிடைக்காத விவரம் அது.

காரைக்கால் உறவினர்களுக்கு மட்டும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருக்கிறதே?

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசாணை. இந்து, முஸ்லிம் தனிச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அப்போது ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' ஆனது அப்படித்தான். டெல்டாவில் சட்டப்படி குடும்பப் பெயர் என்று ஒன்று பிறந்தது அந்த வழியில்தான். பட்டம் போல் மெதுவாக ஊறியது இல்லை, ஒரே கையெழுத்தில் வந்தது. பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போன தமிழர்களுக்கோ முன்னோர் ஒருவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. குவாதலூப்பில் இந்தியர்களின் குடியுரிமைக்காக வழக்காடிய ஹென்றி சிதம்பரத்தின் பெயரில் இருப்பது நம் சிதம்பரம்தான்.

மகனுக்குப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடத்தில் பல்லவராயர் என்று போடலாமா?

போடலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழிலிருந்தே அப்படி இருந்தால் மட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் பட்டத்தைச் சேர்க்க ஆசைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, அதன் பிறகு ஒவ்வொரு சான்றிதழாகத் திருத்தம். பெருமைக்குச் செய்து அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் உண்டு.

பெரும்பாலோர் அந்த இடத்தில் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. காலியாக மட்டும் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. துபாய்க்குப் போகிற வீடுகள் நிறைந்த டெல்டாவில் அது பெரிய கலவரமாகிவிட்டது.

வெளிநாட்டில் உங்கள் மகனை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்ள வேண்டும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் சொந்தப் பெயர், மகள் சௌம்யாவுக்குக் குடும்பப் பெயராக உலகம் முழுக்கப் போனது. அவருடைய 'எம்' குடும்பத்தின் பூர்வீகமான குட்டநாட்டு மான்கொம்பு, 'எஸ்' தகப்பனார் சாம்பசிவன்.

ஆவணத்தில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரத்திலிருந்து. "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா" என்று ஆரம்பிக்கும். குழம்ப வேண்டாம். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்கள் ஆயின. 1991க்கு முன் எல்லாம் தஞ்சாவூர்தான். மாயவரம் என்பது மயிலாடுதுறையின் பழைய பெயர்.

எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள் பலர். செக்குபந்தியை, அதாவது நிலத்தின் எல்லை விவரத்தைப் படியுங்கள். "இன்ன பல்லவராயர் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் வகையறா நிலத்துக்கு வடக்கு, பொது வாய்க்காலுக்குத் தெற்கு" என்று நான்கெல்லை சொல்லியிருக்கும். பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிகளுக்கு அடுத்தடுத்த வயல்தான் விழும். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பங்காளிகள் அந்த எல்லை வரிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் மறுபடி ஒரு பத்திரம் தேடினால் அதன் செக்குபந்தியில் அடுத்த கிளை. பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்க வேண்டும். சர்வே எண் தெரியாமல் போகாதீர்கள். பழைய சர்வே எண்ணும் புது எண்ணும் வேறாக இருக்கும், இரண்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக்கொண்டு போவது நல்லது.